திங்கட்கிழமைக் காடு

வாரத்தில் எனக்கென்று முழுதாகக் கிடைத்த ஒரே நாள் திங்கட்கிழமை. அப்போது சுவிஸில், லுசேர்ண் நகரத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறு என்றால் கல்யாண விருந்துகளும் சுற்றுலாக் கூட்டமும் வந்து குவியும். செவ்வாய்க்கிழமை ஹோட்டலில் ஓய்வு என்றாலும் வேறோர் இடத்தில் துப்புரவு வேலை பிடித்து வைத்திருந்தேன். ஆகவே ஞாயிறு வேலை முடிந்து வந்து படுத்தால் திங்கள் மத்தியானம் வரை எழும்ப மாட்டேன். மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்கு விடியவே போய்விடுவாள். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நித்திரையை நம்பித்தான் மற்ற நாட்களில் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அக்கா வந்த பிறகு அந்த நித்திரை போய்விட்டது.

நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அக்காவுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. அத்தான் கிளிநொச்சிப் பக்கம். வயலும் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையும் வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை எல்லாம் முடிந்தபோது அக்கா தனியாகத்தான் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அத்தான் இல்லை என்ற செய்தி மட்டும் யாரோ சொல்லி எங்களுக்கு வந்தது. எப்படி, எங்கே என்று ஒன்றும் தெரியாது. கொழும்பில் உள்ள சுவிஸ் தூதரகத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்து, விசாரணைகள் முடிந்து, அடுத்த ஆண்டு குளிர் தொடங்கும் நேரம் அக்கா சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்த மெலிந்த பெண்ணைப் பார்த்து, இது வேறு யாரோ என்று நினைத்து அவளுக்குப் பின்னால் வருபவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

முதலில் அகதிகளைப் பதியும் நிலையத்தில் சில காலம் வைத்திருந்தார்கள். பிறகு எங்களோடு இருக்க விட்டார்கள். மகளின் அறையில் ஒரு கட்டில் போட்டோம். அக்கா அதில் படுத்ததைவிட, குசினியில் மின்விளக்கைப் போட்டுவிட்டு மேசையில் கையை ஊன்றி இருந்ததுதான் அதிகம். எங்கள் வீட்டுக்கு மேலாக ஆஸ்பத்திரிக்குப் போகும் ஹெலிகொப்டர் பறக்கும். அந்தச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அது போய் வெகு நேரத்துக்குப் பிறகுதான் வெளியே வருவாள். வந்து, ஒன்றுமே நடக்காதது போல, “தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்பாள்.

எங்கள் குடும்ப வைத்தியர் ஒரு பெண். அக்கா சொன்னதை நான் ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவர் சொன்னதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். நித்திரைக் குளிசை எழுதினார். உளவியல் வைத்தியரிடம் போக ஒரு கடிதமும் தந்தார், ஆனால் அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார். கடைசியில், “பகல் வெளிச்சத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் நல்லது, உங்கள் முகமும் நன்றாக இல்லை” என்றார். கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதை அக்காவுக்குச் சொன்னேன்.

“காட்டுக்கோ?” என்றாள் அக்கா. “அங்கையிருந்துதானே வந்தனான்.”

எனக்கும் அவளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக மனமில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் காட்டுக்குள் போனது மிகக் குறைவு. சுவிஸ்காரர்கள் பிரத்தியேகச் சப்பாத்தும் தடியுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப் போவதை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க நிற்பவனுக்கு நடப்பது பொழுதுபோக்காக இருக்க முடியாது. ஆனால் மனைவி விடவில்லை.

“இஞ்சேருங்கோ, டொக்டர் சொல்லிப்போட்டா. மச்சாளை நான் கூட்டிக்கொண்டு போக எனக்குத் திங்கள் வேலை. நீங்கள்தானே வீட்டிலை.”

“எனக்கு அண்டைக்குத்தானப்பா நித்திரை.”

“எனக்கு எண்டைக்கு நித்திரை?” என்று கேட்டாள்.

அப்படித்தான் தொடங்கியது. பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, ஒரு மாட்டுப் பண்ணையைத் தாண்டிப் போனால் காடு. மனைவியின் பழைய குளிர் அங்கியும், மகளின் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு அக்கா வந்தாள். தொப்பியின் உச்சியில் ஒரு நூல் பந்து இருந்தது. அவள் நடக்க நடக்க அது ஆடியது. பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. ஆனால் தரை இறுகிப் போயிருந்தது. நெட்டையான, சாம்பல் நிறத்து, வழுவழுப்பான மரங்கள் காடு முழுக்க. அவற்றுக்கு ஜேர்மனில் ‘புஹ’ என்று பெயர் என்று மகள் பிறகு சொன்னாள். தமிழில் என்ன பெயரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவை முழுக்க மொட்டையாக நின்றன. கீழே செம்மண் நிறத்தில் இலைகள் கணுக்கால் புதைய மூடிக் கிடந்தன.

அக்கா உள்ளே வந்து கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இஞ்சையும் ஷெல் அடிச்சவங்களோ?” என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “எங்கை?”

“உந்த மரங்களுக்கு. ஒண்டிலையும் ஒரு இலை இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவள் பகிடி விடவில்லை. செய்தி கேட்பவள் போலக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நின்றாள்.

“இல்லையக்கா. குளிர் வர முதல் இஞ்சை இலையெல்லாம் தானாக் கொட்டுப்பட்டுப் போயிடும். பிறகு சித்திரை, வைகாசியிலை திருப்பி வரும்.”

“எல்லா மரத்திலையுமோ?”

“ஓம், எல்லாத்திலையும்.”

அவள் கையுறையைக் கழற்றி, பக்கத்தில் நின்ற ஒரு கன்றின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று விளங்கியது. “பச்சை கிடக்குதுதான்” என்றாள். ஆனாலும் நான் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். மகள் தன் பள்ளிப் புத்தகத்தில் நான்கு பருவத்துக்கும் நான்காக வரைந்திருந்த ஒரே மரத்தின் படத்தைக் காட்டி, “மாமி, இது நித்திரை கொள்ளுது” என்று சொன்னாளாம்.

பனி விழுந்த பிறகும் போனோம். நான் நினைத்தது, இரண்டு மூன்று வாரத்தில் அக்கா போதும் என்பாள் என்று. அவள் ஞாயிற்றுக்கிழமையே சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்துவிடுவாள். நான் எழும்பி வரும்வரை குசினியில் அங்கியோடு இருப்பாள். என்னைக் கூப்பிட மாட்டாள். ஆனால் அவள் அங்கே அப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு எப்படிப் படுத்துக் கிடப்பது? கண் எரிய, கால் பாரமாக, ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வெளிக்கிடுவேன். பஸ்ஸுக்குள் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு போவேன். கடைசித் தரிப்பிடத்தில் அக்கா என் தோளைத் தட்டுவாள்.

பனிக்காலத்தில் பாதை ஒடுங்கிப்போகும். இரண்டு பேர் பக்கத்தில் நடக்க முடியாது. நான் முன்னால் போக, நான் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து அக்கா பின்னால் வருவாள். அப்படி நடக்கும்போதுதான் அவள் கதைக்கத் தொடங்கினாள். வீட்டில் முகத்துக்கு முகம் இருக்கும்போது ஒன்றும் கதைக்க மாட்டாள். கேட்டாலும், “அதையேன் இப்ப” என்பாள். காட்டுக்குள் என் முதுகோடு கதைத்தாள்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். விட்டுவிட்டு வந்த கோழிகள். கடையின் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது, அடுத்த இடத்தில் அந்தத் தகரத்தைப் பதுங்குகுழிக்கு மேலே போட்டது, அதற்கடுத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாமல் போனது. இடம் இடமாக அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரு வாளியும் ஒரு பையும் மிஞ்சியது வரைக்கும் ஒரு திங்கட்கிழமை வந்து நின்றாள். அடுத்த திங்கட்கிழமை அத்தானைப் பற்றிச் சொன்னாள்.

“அவர் தண்ணிக்குப் போனவர். நான் போறன் எண்டுதான் சொன்னனான். நீ இரு எண்டிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். கிட்டத்தான். எனக்கு அவரின்ரை முதுகு தெரிஞ்சுகொண்டிருந்தது.”

நான் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும்.

“பக்கத்திலை நிண்ட சனம்தான் குழி வெட்டித் தந்தது. தலை அறுந்த பனை ஒண்டு நிண்டது, அதுக்குக் கீழை. அடையாளத்துக்கு ஒரு கல்லும் வைக்கேல்லையடா தம்பி. நேரம் இல்லை. அடுத்த நாள் விடிய எல்லாரும் எழும்பிப் போட்டினம். நானும் அவையோடை எழும்பிப் போனன்.”

“ம்” என்றேன். பாதை ஓரிடத்தில் இறங்கியது. வழுக்கும் என்று சொல்லிக் கையைப் பின்னால் நீட்டினேன். பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கியதும் விட்டுவிட்டாள். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, மகளுக்கு இரவுக்குப் புட்டு அவிப்பதா இடியப்பமா என்று கேட்டாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் அழுதேன் என்று எழுத வேண்டும் போல இருக்கிறது. அழவில்லை. செவ்வாய் துப்புரவுக்குப் போனேன், புதன் ஹோட்டலுக்குப் போனேன், ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உரித்தேன். அந்த இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை, வைகாசியில் ரயில் ஏறித் தலைநகர் பேர்ணுக்குப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லி எல்லோரோடும் நின்று கத்தியிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை அடைத்து, மாலை வேலைக்கு ஓடி வந்திருந்தேன். அப்போது அழுததுதான். அதற்குப் பிறகு எனக்குள் எதற்கும் ஈரம் மிச்சமிருக்கவில்லை. களைப்பு மட்டும் இருந்தது. மனைவி ஒருநாள், “மச்சாள் காட்டுக்கை என்ன கதைக்கிறவ?” என்று கேட்டாள். “கோழி வளத்ததைப் பற்றிக் கதைக்கிறா” என்றேன். அவளுக்கும் முதியோர் இல்லத்தில் போதுமான துக்கம் இருந்தது.

இதற்கிடையில் விறகுப் பிரச்சினை ஒன்று வந்தது. காடு முழுக்கக் காய்ந்த தடிகள் கிடந்தன. ஒருவரும் தொடுவதில்லை. அக்காவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு வர முடியவில்லை. முதலில் ஒன்றிரண்டைக் கையில் எடுத்தாள். பிறகு, கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டாகவே கட்டினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வீட்டுப் பல்கனியில் நீளத்துக்கு நீளம் பிரித்து அடுக்கினாள்.

“மச்சாள், இஞ்சை எல்லாம் கறண்ட் அடுப்பு. விறகு எரிக்கேலாது” என்றாள் மனைவி.

“தெரியும். கிடக்கட்டும்” என்றாள் அக்கா.

அடுக்கு பல்கனிக் கம்பிக்கு மேலே தெரியத் தொடங்கியதும் கட்டடத்தின் பராமரிப்பாளர் மணியடித்தார். நல்ல மனிதர்தான். எங்கள் மாடியிலிருந்து வரும் மிளகாய் வறுக்கும் மணத்தைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் இது தீ ஆபத்து, எடுத்துவிட வேண்டும் என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை. “அப்ப இருந்த இடத்திலையே கொண்டுபோய் விடுவம்” என்றாள். குப்பையில் போடலாமே என்றதற்கு ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை பெரிய விறகுக் கட்டொன்றை நான் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடையில் சாமான் வாங்கி வந்த முதியவர்கள் என்னையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நகரத்திலிருந்து காட்டுக்கு விறகு கொண்டுபோனவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். காட்டுக்குள் ஒரு மரத்தடியில் அக்கா எல்லாவற்றையும் திருப்பி அடுக்கினாள். எனக்குத் தோள் கடுத்தது. அவள் அடுக்கி முடிக்கும்வரை ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்து, கையைத் தட்டிவிட்டு, அவள் சிரித்தாள். இங்கே வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

பனி உருகியதும் ஒரு திங்கட்கிழமை, பண்ணையைத் தாண்டும்போதே அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

“ஆரோ உள்ளி தாளிக்கினம்.”

“இந்தக் காட்டுக்கை ஆரக்கா தாளிக்கிறது?”

ஆனால் உள்ளிப்பூண்டு மணந்தது. மரங்களுக்குக் கீழே பழைய இலைகளைத் தள்ளிக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாக ஒரு இலை முளைத்திருந்தது. மேலே மரங்கள் இன்னும் மொட்டைதான். எனக்கு அந்த இலையைத் தெரியும். வசந்தம் தொடங்கினால் அது பெட்டி பெட்டியாக ஹோட்டலுக்கு வரும். கழுவி, அரைத்து, சூப்பிலும் நூடில்ஸிலும் போடுவார்கள். கையில் மணம் இரண்டு நாளைக்கு நிற்கும். அது காட்டில் இப்படிச் சும்மா கிடக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. அக்கா ஒரு இலையைக் கசக்கி மணந்தாள். பிறகு குந்தி இருந்து தொப்பியை நிரப்பத் தொடங்கினாள்.

வீட்டில் மனைவி பயந்துபோனாள். இதைப் போலவே இன்னொரு இலை உண்டு, அது நஞ்சு, முதியோர் இல்லத்தில் யாரோ சொன்னார்கள் என்றாள். நான் ஒவ்வொரு இலையாக மேசையில் பரப்பி, கசக்கி, மணந்து பார்த்துத் தந்தேன். அக்கா அதைப் பொடிப்பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டு வறை வறுத்தாள். மகள் முதலில் முகத்தைச் சுழித்தாள். பிறகு, “மாமி, நோஹ்மால்” என்று கோப்பையை நீட்டினாள். இன்னொருமுறை என்று அர்த்தம். அன்றைக்கு நாலு பேரும் ஒன்றாக மேசையில் இருந்து சாப்பிட்டோம். எங்கள் வேலை நேரங்களுக்கு அது அரிதாகவே நடக்கும். அக்கா எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தானும் நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. இலை வரும் நாளில் அக்காவைக் கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று. நான் சொன்னதுதானே, எல்லா மரத்திலும் வரும் என்று. அந்தக் குளிர்காலம் முழுக்க நித்திரையைக் கொடுத்து நான் நடந்ததற்கு அது ஒன்றுதான் பலனாகக் கிடைக்கும் என்று நினைத்தேன் போல. இரண்டு திங்கட்கிழமைகள் மழையில் போக முடியவில்லை. பிறகு, ஹோட்டலில் ஒரு பெரிய விருந்து நடந்த வார இறுதி. ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது எனக்குப் படியேற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். ஆனாலும் காலையில் நானே முதலில் எழும்பி, “அக்கா, வாங்கோ, இண்டைக்கு வந்திருக்கும்” என்றேன்.

வந்திருந்தது. பண்ணையிலிருந்து பார்க்கும்போதே காடு வேறு காடாக நின்றது. புது இலை, வெளிச்சம் ஊடுருவும் அத்தனை மெல்லிய பச்சை. நான் பாதித் தூரம் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால், அக்கா காட்டு விளிம்பிலேயே நின்றிருந்தாள்.

“வாங்கோவன். பாத்தீங்களோ? நான் சொன்னனான்.”

“ஓம். வந்திருக்குத்தான்.”

“உள்ளுக்கு வாங்கோ.”

“வேண்டாம் தம்பி. உள்ளுக்கை ஒண்டும் தெரியேல்லை.”

“என்ன தெரியேல்லை?”

“ஆர் நிக்கினம் எண்டு தெரியேல்லை” என்றாள். “அப்ப எண்டா நெடுந்தூரம் தெரியும். மரத்துக்கு அங்காலை மரம், அதுக்கு அங்காலை மரம். ஒருத்தரும் இல்லையெண்டு பாத்துப் பாத்து வரலாம். இப்ப பார், மூடிப்போட்டுது.”

நான் அவ்வளவு காலமும் அந்த மொட்டைக் காட்டை அவள் சகித்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அது மொட்டையாக இருந்ததால்தான் வந்திருக்கிறாள். எனக்குள் ஏதோ சரிந்தது. கோபம் என்றும் சொல்ல முடியாது.

“சரி, உந்த முதல் வாங்குவரைக்கும் வாங்கோ. எனக்கு நிக்க ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்.”

அதற்கு வந்தாள். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, நடப்பவர்கள் இருந்து இளைப்பாறப் போட்ட ஒரு மர வாங்கு. அவள் பாதைப் பக்கம் பார்க்க இருந்தாள். நான் கால்களை நீட்டினேன். தலைக்கு மேலே இலைகள் அசைந்தன. ஏதோ பறவை ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. அக்கா ஏதோ சொன்னாள், நான் ஏதோ பதில் சொன்னேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் மற்றப் பக்கம் போயிருந்தது. நான் வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தேன். என் மேலே அக்காவின் குளிர் அங்கி கிடந்தது. அக்கா இல்லை.

“அக்கா” என்று கூப்பிட்டேன். பிறகு எழும்பி நின்று உரக்கக் கூப்பிட்டேன். அவளிடம் கைத்தொலைபேசி இல்லை. ஜேர்மனில் இரண்டு வார்த்தை தெரியாது. நாங்கள் பனிக்காலத்தில் நடந்த பாதைகளெல்லாம் இலைக்குள் ஒளிந்துவிட்டன. எனக்கே திசை பிடிபடவில்லை. விறகு அடுக்கிய மரத்தடிக்குப் போனேன். அடுக்கு அப்படியே இருந்தது. அவள் அத்தானைப் பற்றிச் சொன்ன பள்ளத்துக்கு ஓடினேன். கீழே ஓடும் சிறு நீரோடைக்குப் பக்கத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்த்தேன். அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. நாயோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். என் சகோதரியைக் காணவில்லை என்றேன். எத்தனை வயது என்று கேட்டார். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு குழப்பம். அந்த வயதில் ஒருவர் எப்படிக் காணாமல் போவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் நாயை வாரில் பிடித்துக்கொண்டு என்னோடு கொஞ்ச தூரம் தேடினார்.

பொலிஸுக்கு அடிக்கலாம் என்று அவர் சொன்னார். அதற்கு முதல் மனைவிக்கு அடித்தேன். எனக்கு மூச்சு வாங்கியது.

“அக்காவைக் காணேல்லையப்பா.”

“என்ன சொல்லுறியள்? மச்சாள் இஞ்சை நிக்கிறா” என்றாள் மனைவி. “நான் வேலையாலை வரக்குள்ளை சோறு வடிச்சுக்கொண்டு நிண்டவ. உங்களைக் கேக்க, தம்பி நித்திரை எண்டு சொன்னா. நான் அறைக்கை எண்டு நினைச்சன்.”

நான் பாதையிலேயே குந்திவிட்டேன். நாய் வந்து என் கையை மணந்தது. வீட்டில் இருக்கிறாளாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் நல்லது, நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அக்காவின் அங்கியைக் கதிரையில் போட்டேன். ஏச வேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

“ஏனக்கா என்னை எழுப்பேல்லை?”

“எழுப்ப மனம் வரேல்லையடா. வாயைத் திறந்துகொண்டு கிடந்தாய். சரியாக் களைச்சுப்போனாய். என்னாலைதானே உனக்கு நித்திரை இல்லை.”

“தனிய எப்பிடி வந்தனீங்கள்?”

“எத்தினைதரம் வந்தது. அந்த நம்பர் பஸ்தானே. நிண்டுது, ஏறினன்.” கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள். “முதல் உனக்குக் காவலா இருந்தனான். நெடுநேரம் இருந்தனான். ஒருத்தரும் வரேல்லை. இஞ்சை ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு தெரிஞ்சுது. பிறகுதான் எழும்பினன்.”

கோப்பையில் சோற்றைப் போட்டு எனக்கு முன்னால் வைத்தாள். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். நான் சாப்பிட்டேன். அவள் இன்னும் கொஞ்சம் கறி விட்டாள்.

அதோடு அக்கா காட்டுக்கு வருவது நின்றது. அடுத்த குளிருக்கு இலை கொட்டியதும் கேட்டேன். அப்போது அவளுக்கு மொழி வகுப்புத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமையும் வகுப்பு. உளவியல் வைத்தியரிடமும் இடம் கிடைத்திருந்தது. அங்கே மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் வருவார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள். சில வருடங்களில் பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. முகாமில் அவளோடு இருந்த ஒரு குடும்பம் அந்த நகரத்திலேயே பூம்ப்ளிஸ் என்ற பகுதியில் இருந்தது. அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் குசினியுமாக வீடு எடுத்துக்கொண்டாள். ஏழாவது மாடி. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நடந்தே போகிறாள். நாங்கள் போனால், வேலையில் மேலாளரோடு பட்ட சண்டையை இரண்டு மொழியும் கலந்து நடித்துக் காட்டுவாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தானைப் பற்றி அவள் என்னோடு பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

என் திங்கட்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. ஆனால் மத்தியானம் வரை படுக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. தோளில் ஒரு சத்திரசிகிச்சை, பிறகு ஹோட்டலில் பாதி நேர வேலை என்று வயதும் வந்துவிட்டது. மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அவள் வேலைக்குப் போய் வருவதே பெரிய காரியம். மகள் பக்கத்துச் சூக் நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கேயே இருக்கிறாள். சில திங்கட்கிழமைகளில் நான் தனியாக அந்தக் கடைசித் தரிப்பிடத்துக்குப் போகிறேன். நடப்பதில்லை. உள்ளே கொஞ்ச தூரம் போய் எங்காவது இருப்பேன். ஐப்பசியில் என்றால் இலை விழும் சத்தம் கேட்கும், அவ்வளவு அமைதி. காடு எனக்கு ஒன்றும் தருவதில்லை, ஒன்றும் கேட்பதுமில்லை. அது போதும் என்றிருக்கிறது.

ஒருமுறை அங்கிருந்தே அக்காவுக்கு அடித்தேன். பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்தன.

“எங்கை நிக்கிறாய்?”

“காட்டிலை.”

“தனியவோ?”

“ஓம்.”

“சாப்பிட்டிட்டோ போனனீ?”

“இல்லை. இனித்தான்.”

“நேரத்துக்குச் சாப்பிடு. பிறகு எடு, இஞ்சை மேலாள் வாறா” என்று வைத்துவிட்டாள்.

தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு குளிரத் தொடங்கியது. எழும்பி, முதுகை ஒருமுறை நிமிர்த்திவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.